ஊசி மூக்கும் சாக்கூசி மூக்கும்

ஊசி கோக்க எனக்குக் கண்ணாடி வேண்டாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வருடம் அது. வயது ஐம்பத்து நான்கு. கண்ணாடி இல்லாமல் ஒரு தையலும் போட முடியாமல் ஏழெட்டு வருடம் இருந்தவள், ஒரு நாள் அதைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய ஊசி ஒன்றில் ஒரே குத்தில் நூல் கோத்தேன். பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அளவு கொடுக்க வந்த பெண்களுக்கெல்லாம் கோத்துக் காட்டினேன். கண்ணாடி, தையல் மெசினின் இழுப்பு லாச்சிக்குள் நூல்கட்டைகளோடு கிடந்தது.

அந்தக் கண்ணை நம்பித்தான் ஒரு மனிதனின் தொழிலை நான் கெடுத்தேன். அந்த மனிதன் என் கணவர்.

எங்கள் ஊர் மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில், பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் வரும் ஒரு குளத்தடி. காணி கொடுக்கிறார்கள் என்று வந்து குடியேறிய சனம். என்னுடைய ஆட்கள் யாழ்ப்பாணப் பக்கம். அவருடைய தாய் தகப்பன் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். முப்பது வருடம் என்னோடு இருந்ததில் அவருடைய பேச்சு எங்கள் பேச்சாக மாறிவிட்டது. ஓம் என்பார், வாறன் என்பார். மனம் நொந்தால் மட்டும் தாய் வீட்டுத் தமிழ் வந்துவிடும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்தத் தமிழை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன்.

எங்கள் பிள்ளைகள் வவுனியாவில் வேலை, கலியாணம் என்று நிலைத்துவிட்ட பிறகு, வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அவர் ஒரு பழைய வான் வண்டி வாங்கினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினான்கு பேரை மாங்குளத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவார். பிள்ளைகளை விட்டுவிட்டு வெறும் வானோடு திரும்பும்போது நேரே வீட்டுக்கு வராமல் குளக்கட்டில் நிறுத்துவார். நான் தேத்தண்ணிப் போத்தலும் பனங்கட்டியுமாக நடந்து போவேன். வீட்டில் பேச நேரமில்லாத கதையெல்லாம் அங்கேதான் பேசுவோம்.

குளம் வற்றிச் சேறு தெரிகிற புரட்டாசியில் உள்ளான்கள் வந்து இறங்கும். சேற்றில் மூக்கை விட்டுக் கிண்டுகிற எதற்கும் எங்கள் ஊரில் உள்ளான் என்றுதான் பெயர். நானும் அப்படித்தான் இருந்தேன். பறவை எண்ண வந்த ஒரு பல்கலைக்கழகப் பிள்ளையின் பை வார் அறுந்து, அவள் என்னிடம் தைக்க வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. நான் தைத்து முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் அவள் இரண்டு உள்ளான்களின் படத்தைக் காட்டினாள். இரண்டுக்கும் ஒரே சாம்பல் முதுகு, ஒரே வெள்ளை வயிறு, பச்சை ஓடின கால். ஒரே குடும்பமாம். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மூக்கைப் பாருங்கோ என்றாள்.

பெரியதன் மூக்கு அடியில் தடித்து, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தது. சின்னதன் மூக்கு மெல்லிசு, நேர். கால் உடம்புக்கு மீறின நீளம். அவள் சொன்ன ஆங்கிலப் பெயர்கள் அவள் வேலிப் படலையைத் தாண்டுவதற்குள் எனக்கு மறந்துவிட்டன. நானே பெயர் வைத்தேன். மெல்லியது ஊசி மூக்கன். தடித்தது சாக்கூசி மூக்கன். நெல்லுச் சாக்கின் வாய் தைக்கிற, நுனி வளைந்த அந்தப் பெரிய ஊசிதான் சாக்கூசி. எங்கள் வீட்டில் இரண்டு ஊசியும் உண்டு. ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது.

குரலிலும் ஆட்கள் வேறு. சாக்கூசி எழும்பிப் பறக்கும்போது தியூ தியூ தியூ என்று மூன்று தரம் ஊரைக் கூட்டும். ஊசி ஒரே ஒரு தரம், கீயூ என்று, சொல்லலாமோ வேண்டாமோ என்ற மாதிரிச் சொல்லும். சாக்கூசி பெரும்பாலும் தனியன். மீன் குஞ்சைக் கண்டால் குறுக்கும் மறுக்கும் ஓடுவார். ஊசிகள் கூட்டமாக நின்று, சேறு காலில் ஒட்டாதது போல அடி வைத்துக் கொத்தும். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் எது எது என்று சரியாகச் சொல்கிற ஆளுக்குப் பனங்கட்டியில் பெரிய துண்டு. அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் நான் திகதி போட்டு எழுதி வைப்பேன். ஆறேழு வருடம் இந்த விளையாட்டு ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது.

பிறகு ஒரு வருடம் ஊசிகள் குறைந்தன. அடுத்த வருடம், நான் சொல்ல வந்த இந்த வருடம், ஒன்றுகூட வரவில்லை. வந்து நின்றதெல்லாம் தடித்த மூக்கு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயலுக்கு அடிக்கிற மருந்தோ என்று யோசித்தேன். குளத்து மண்ணை அள்ளியதாலோ என்று யோசித்தேன். இந்தப் பறவைகள் ரஷ்யாப் பக்கமிருந்து வருபவை என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்துச் சண்டையை ரேடியோவில் கேட்டதும், அதுதான் காரணம் என்று ஒரு கிழமை, ஏழு நாளும், நம்பினேன். சண்டைக்குள் இருந்து எல்லாரும் வெளிக்கிட்டு வர முடியாது என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லையே. மெலிந்தவர்கள் வழியில் நின்றுவிட்டார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கவலையாகவும் இருந்தது.

அவருக்கு இந்தக் கவலை எதுவும் இருக்கவில்லை. குளக்கட்டில் சாய்ந்துகொண்டு, "அந்தா, ஏழு ஊசி நிக்குது" என்றார்.

நான் பார்த்தேன். குளம் வெயில் பட்டு வெள்ளைத் தகடாகக் கிடந்தது. நடுவில் ஏழு நின்றன, அது சரி. ஏழுக்கும் மூக்கு தடிப்பு. எல்லாம் சாக்கூசி என்றேன். அவர் சிரித்துவிட்டு, பெரிய துண்டைத் தானே எடுத்து வாய்க்குள் போட்டார். நான் கொப்பியில் ஏழு சாக்கூசி என்று எழுதினேன். அடுத்த நாளும் இதே கதை. அதற்கடுத்த நாளும். போனில் படம் எடுத்துப் பார்த்தோம். எறும்பு மாதிரி ஏழு புள்ளிதான் விழுந்தது.

ஒன்று மட்டும் இடித்தது. தனியனாகத் திரிகிற சாக்கூசி ஏன் ஏழு பேராகச் சேர்ந்து நிற்கிறார்? ஏன் ஓடித் திரியாமல் மெல்ல மெல்லக் கொத்துகிறார்? ஒரு நாள் குளக்கட்டு வழியே ஒரு நாய் ஓட, அவை எல்லாம் ஒரேயடியாக எழும்பின. தியூ தியூ தியூவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கீயூ என்றது ஒன்று. பிறகு இன்னொன்று, அதுவும் ஒரே தரம். தடித்த மூக்குக்குள்ளிருந்து மெல்லியவளின் குரல். கண் சொல்வதைக் கேட்பதா, காது சொல்வதைக் கேட்பதா? ஒற்றைக் குத்தில் ஊசி கோக்கிற கண் பொய் சொல்லுமா? காதில்தான் ஏதோ என்று முடிவெடுத்து, அன்று பின்னேரம் நல்லெண்ணெய் விட்டேன்.

ஆனால் என் காதைக் குற்றம் சொன்னாலும், அவர் ஏழு ஊசி காண்கிறாரே, அதற்கு என்ன காரணம்? அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. சீனி கண்ணைத் தின்னும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணம் ஒருமுறை வந்த பிறகு பார்த்ததெல்லாம் சாட்சியாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை மாங்குளத்துக்குச் சாமான் வாங்க வானில் முன்னால் இருந்து போனேன். வெறும் வீதியில் சடாரென்று பிரேக் அடித்தார். ஏன் என்று கேட்டேன். உடும்பு குறுக்கே போனதாம். நான் முன்னால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு உடும்பும் போகவில்லை. இல்லாத ஊசி மூக்கைக் காண்கிறவர் இப்போது இல்லாத உடும்பையும் காண்கிறார். இவர் நாளைக்கு இருக்கிற லொறியைக் காணாமல் விட்டால்? பதினான்கு பிள்ளைகள்.

டொக்டரிடம் கண்ணைக் காட்டச் சொன்னேன். முதலில் சிரித்தார். அடுத்த நாளும் சொன்னேன். அதற்கடுத்த நாள், பிள்ளைகளின் பாவம் எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னேன். அப்போதுதான் அந்தத் தமிழ் வந்தது.

"எனக்கு கண்ணு நல்லா தெரியுது. ஒனக்குத்தான் என்மேல நம்பிக்கை இல்ல" என்றார்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. தீபாவளி நெருங்குகிறது, தையல் குவிந்து கிடக்கிறது. மூன்றாம் ஒழுங்கை என்கிற சின்னத் தெருவில் இருக்கிற ஒரு பிள்ளை சாறிக்குப் பிளவுஸ் தைக்க அளவு கொடுக்க வந்தாள். அவளுடைய மகள் எங்கள் வானில்தான் போகிறாள். நாடா அவள் தோளில் இருக்க, நான் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, அவருக்கு இப்போது கண் கொஞ்சம் மட்டு, சீனி ஏறிவிட்டதோ தெரியவில்லை, நான் சொன்னால் கேட்கிறார் இல்லை என்று சொல்லிவிட்டேன். குறை சொல்ல நினைக்கவில்லை. பயத்தை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது. அவள் கையை மற்றப் பக்கம் தூக்கிக் காட்டினாள். நான் அளவை எழுதினேன்.

அடுத்த திங்கள் வானில் பதினொரு பிள்ளைகள். வியாழன் ஆறு. ஒரு தாய் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டாள். இன்னொருத்தி மகனுக்குக் காய்ச்சல் என்றாள். அந்தக் காய்ச்சல்காரன் பின்னேரம் பந்தடித்துக்கொண்டு நின்றான். அடுத்த திங்கள் வானில் நான்கு பேர். அவருக்குக் காரணம் தெரியாது. வாடகை கூடிப்போச்சோ, யாரையும் ஏசிவிட்டேனோ என்று என்னிடமே கேட்டார். நான் தையலில் குனிந்திருந்தேன்.

யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லிவிட்டார். என்னிடம் அவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. குளக்கட்டில் நிறுத்துவதை மட்டும் விட்டார். வான் நேரே வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் காலை வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, வவுனியாவுக்குப் போகிறேன், கண் பார்த்துக் கடிதம் எடுத்து வருகிறேன், பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் காட்டுவேன் என்றார். நானும் வெளிக்கிட்டேன். ஆறுதலுக்காகப் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். டொக்டர் சொன்னதை இவர் மாற்றிச் சொல்லிவிடுவார் என்ற சந்தேகத்தில் போனேன்.

வவுனியாவில் இறங்கி நேரே போனோம். கிளினிக்கில் அவரைக் கதிரையில் இருத்தி, ஒரு கண்ணைப் பொத்தி, தூரத்து எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். நான் அவருக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்தேன். மேலே பெரிய எழுத்து. நானும் மனதுக்குள் வாசித்தேன். இரண்டாம் வரி, அதுவும் சரி. மூன்றாம் வரியில் எனக்குப் புகைதான் தெரிந்தது. அவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டு போனார். நான்காவது, ஐந்தாவது. காத்திருந்த நேரத்தில் பாடமாக்கிவிட்டார் கள்ளன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எழும்பிப் போய், பாடமாக்கியிருப்பார், வேறு எழுத்துக் காட்டுங்கோ என்று அந்த நேர்ஸம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேர்ஸம்மா அட்டையை மாற்றினா. அதையும் கடைசி வரி வரை வாசித்தார்.

நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசியிருந்தது. இவர் எதை வாசிக்கிறார்? நேர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தா, அட்டையைப் பார்த்தா, பிறகு மெதுவாகச் சொன்னா.

"அம்மா, வந்தது வந்தியள். நீங்களும் ஒருக்கா இருங்கோவன்."

இரண்டு கண்ணிலும் வெண்படலம். வலது கண்ணில் நல்லாக முற்றிவிட்டதாம். தூரத்தில் மெல்லிசாக இருப்பதெல்லாம் கலங்கித் தடித்துத் தெரியும் என்றார் டொக்டர். எதிர் வெயிலில் இன்னும் மோசமாம். அப்படியென்றால் கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்கிறேனே என்று வாதாடினேன். அவர் சிரித்தார். சிலருக்குப் படலம் முற்றி வரும்போது கிட்டப் பார்வை கொஞ்ச நாள் தெளியுமாம். எனக்குக் கண் திறந்தது என்று நான் ஊருக்கு விளம்பரம் செய்தது, கண் மூடத் தொடங்கினதன் அறிகுறியாம். ஆபரேசனுக்குப் பெயர் எழுதினார்கள். முறை வர மாசி ஆகும் என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மண்டைக்குள் எல்லாம் கலைந்து கிடந்தது. அந்த ஏழும் ஊசிதான். காது சரி. உடும்பு போயிருக்கிறது. கொப்பியில் இரண்டு வருடமாக எழுதினதில் எது மெய், எது என் கண் செய்தது? அதற்கு முந்தின வருடம்? அவர் கடிதத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்திருந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாங்குளத்தில் இறங்கும்போது, பார்த்து, படி உயரம் என்று மட்டும் சொன்னார்.

அவருடைய கடிதத்துக்கு நான் நினைத்த மரியாதை கிடைக்கவில்லை. கடிதம் இங்கிலீசில் இருந்தது. பெற்றவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, ஓம் அண்ணை, நல்லது அண்ணை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த நாளும் நான்கு பிள்ளைகள்தான். சொந்தப் பெண்சாதி சொன்ன கதையை டொக்டரின் கடிதம் வெல்லாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? அதைத் திறந்துவிட்டவள் நான். நான்தான் போய் வேறு கதை சொல்ல வேண்டும்.

ஆனால் என்ன சொல்வது? அவருக்குக் கண் சுகம் என்று மட்டும் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். மனுசனைக் காப்பாற்றுகிறாள் என்பார்கள். எனக்குத்தான் கண் பழுது என்று சொல்ல வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள். என் லாச்சிக்குப் பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. கண் தெரியாத தையல்காரியிடம் யார் சாறிப் பிளவுஸ் தைப்பார்கள்? தீபாவளி முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். உடனே சொல்ல வேண்டும் என்று அடுத்த நாள் நினைத்தேன். ஒரு பிளவுசுக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். அது கண்ணால் வந்த பிழை இல்லை, மனம் ஓரிடத்தில் நில்லாததால் வந்தது. மூன்றாம் நாள் காலை அவர் நான்கு பிள்ளைகளோடு வானைக் கிளப்பிக்கொண்டு போவதைப் படலையில் நின்று பார்த்தேன். வெறும் சீற்றுகள் எனக்குக்கூடத் தெரிந்தன. கத்தரிக்கோலை வைத்துவிட்டு மூன்றாம் ஒழுங்கைக்கு நடந்தேன்.

அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளானில் தொடங்கினேன். அவளுக்கு அது விளங்கவில்லை, எனக்கும் அதை விளங்கச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், பழுது என்ரை கண், அவருக்கு ஒன்றுமில்லை என்றேன். கிளினிக் துண்டைக் காட்டினேன். அங்கிருந்து மற்ற வீடுகளுக்கும் போனேன்.

அடுத்த நாள் காலை அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தாள். மகளை வானில் ஏற்றினாள். பையை எடுத்து மடியில் வைத்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. அந்தப் பிளவுஸ் துணியை ஒருக்காத் தாறியளே? உங்களுக்கும் கண்ணுக்கு ஓய்வு வேணுந்தானே."

கிட்டத்தில் எனக்குப் பார்வை நல்லம், இங்கே பார் என்று ஊசியை எடுக்கப் போனேன். எடுத்த கை பாதியில் நின்றது. அவர் தன் கண்ணை இப்படி நிரூபித்துக் காட்ட நான் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேனா? துணியை மடித்து, நான்கு மூலையும் சரிபார்த்துக் கொடுத்தேன். அந்தக் கிழமை முடிவதற்குள் வானில் பதின்மூன்று பிள்ளைகள். என்னிடம் மூன்று துணிதான் மிஞ்சியது. அதில் ஒன்று என்னுடையது.

சனிக்கிழமை நான் கேட்காமலே அவர் போத்தலில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, குளக்கட்டுக்குப் போவோம் என்றார். வானைப் பழைய இடத்தில் நிறுத்தினார். வெயில் நேரே முகத்தில் அடித்தது. குளமும் கலங்கல், அவர் முகமும் கலங்கல். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, எத்தனை நிற்குது என்று கேட்டேன். அவர் குளத்தைப் பார்க்கவில்லை. போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு,

"அவங்ககிட்ட ஏன் போயி சொன்னே? தீவாளி முடிஞ்சி சொல்லியிருக்கலாந்தானே" என்றார்.

தாய் வீட்டுத் தமிழ். நான் குரலைக் கேட்டுத்தான் ஆளை அறிந்தேன். இத்தனை நாளும் என்னால் நொந்தவர், இப்போது எனக்காக நோகிறார். அழுதேன். அழுததில், எனக்கு இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. பனங்கட்டியில் பெரிய துண்டைத் தடவி எடுத்து அவர் கையில் வைத்தேன். தூரத்தில் ஏதோ ஒன்று கீயூ என்றது, ஒரே ஒரு தரம். கொப்பியையும் பேனையையும் அவர் பக்கம் தள்ளினேன். அவர் எண்ணி எழுதினார்.